படிக்கத் தெரியாத புத்தகக் கடையில் என்ன பார்ப்பது?

தேனியிலும் கம்பத்திலும் சீன மொழிப் புத்தகக் கடை கிடையாது. இந்தியாவில் சீனர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் கொல்கத்தா. அங்கே 1969-ல் தொடங்கி நடந்துவந்த 'சியோங் பாவ்' என்ற சீன நாளிதழே 2020-ல் நின்றுபோனது. ஆகவே, சுவர் சுவராகச் சீனப் புத்தகம் அடுக்கிய கடை ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். நம் பக்கத்து மக்களுக்கு அது எட்டாத காரியம் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், மகளுக்கு அங்கே பிரசவம், இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுகிறவர்கள் போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

போனவர்கள் தேக்கா சந்தை, முஸ்தபா, வீரமாகாளியம்மன் கோயில், கடலோரத்துச் சிங்கச் சிலை என்று சுற்றிப் பார்த்துவிடுவார்கள். அதன்பிறகு பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பியதும் பகல் முழுக்க வீட்டுக்குள் டிவியோடு கழியும். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாதே, அங்கே போய் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறது, எதற்கு மனமுவந்து காசு கொடுக்கிறது, பழைய நூல்களில் எதை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறது என்பதெல்லாம் புத்தகக் கடையில் கண்ணுக்கு நேராகத் தெரியும். எழுத்தைப் படிக்க முடியாதவர்களும் புத்தகத்தைப் படிக்கலாம். எந்த நாட்டில் அச்சானது, யாருக்காக அச்சானது, எத்தனை பாகத்தில் இது எத்தனையாவது என்று அதன் உடம்பிலேயே குறி இருக்கும். அந்தக் குறிகளைச் சொல்லித் தருவதே என் வேலை.

முதலில் இடம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ரோச்சோர், அதற்கடுத்தது பூகிஸ். பூகிஸில் இறங்கி விக்டோரியா தெருவோடு நடந்தால் உயரமான தேசிய நூலகக் கட்டடம் வரும். அதை ஒட்டினாற்போல் நிற்பதுதான் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். அரசின் வீட்டு வசதிக் கழகம் 1980-ல் கட்டி முடித்த வளாகம். கீழ்த் தளங்களில் கடைகள், மேலே அடுக்குமாடி வீடுகள். சீனர்கள் இதைப் 'புத்தக நகரம்' என்றே அழைக்கிறார்கள். பளிங்குத் தரையும் வாசனைத் திரவியக் கடைகளும் உள்ள மால் என்று நினைத்துப் போகாதீர்கள். நடைவழிகளில் காற்றோட்டம்தான், ஏசி கடைக்குள்ளேதான். ஓவியப் பொருள் கடை, கண்ணாடிக் கடை, பழைய புத்தகக் கடை என்று வரிசையாக வரும். இவற்றுக்கு நடுவில் பல தளங்களில் விரிந்திருக்கிறது 'பாப்புலர்' நிறுவனத்தின் பெரிய கடை. மேல் தளத்தில் 'யூனியன் புக்' போன்ற, சீன நூல்களுக்கென்றே இருக்கும் சிறிய கடைகள் உண்டு.

பளபளப்பான மால்தான் வேண்டுமென்றால் ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டிக்குப் போகலாம். அங்குள்ள ஜப்பானிய நிறுவனமான கினோகுனியாவில் ஆங்கிலம், ஜப்பானியத்தோடு சீனத்துக்கும் தனிப் பகுதி இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் போகிறவர்களுக்குப் புக்கிட் பிந்தாங்கில் ஸ்டார்ஹில் மால். 1989-ல் தைப்பே நகரில் பிறந்த 'எஸ்லைட்' கடை 2022 டிசம்பரில் அங்கே கிளை திறந்தது. தைப்பேயில் எஸ்லைட்டின் ஒரு கிளை 1999 முதல் இருபது ஆண்டுக்கு மேல் இரவும் பகலும் மூடாமல் நடந்திருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தை அந்த ஊர் தன் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. ஆனாலும் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிராஸ் பாசாவைத்தான். வீட்டு மனிதர்கள் வந்துபோகும் கடையில்தான் ஒரு மொழியின் அன்றாடம் தெரியும்.

பாப்புலர் கடைக்குள் நுழைந்ததும் இலக்கியம் வரவேற்காது. பேனா, நோட்டு, பசைக்குச்சி, கால்குலேட்டர், பள்ளிப் பை. அதையடுத்துப் பயிற்சிப் புத்தகங்கள். தொடக்கப் பள்ளி முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பின் இறுதித் தேர்வு வரைக்கும் மாதிரி வினா, சொல் பயிற்சி, கட்டுரைப் பயிற்சி என்று அடுக்கடுக்காக இருக்கும். நம் கடைத்தெருவில் கோனார் உரையும் வினா வங்கியும் பிடித்திருக்கும் இடத்தை அங்கே இவை பிடித்திருக்கின்றன. சிலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். புத்தகக் கடையா, டியூஷன் கடையா என்று. நான் அப்படி நினைக்கவில்லை. கடை இன்றைக்கும் திறந்திருப்பதற்குக் காரணமே இந்த அடுக்குதான்.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1987-க்குள் பள்ளிகள் எல்லாம் ஆங்கிலவழிக்கு வந்துவிட்டன. சீனமும் மலாயும் தமிழும் 'தாய்மொழிப் பாடம்' என்ற ஒரு பாடமாக நின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. மாண்டரின் சீனம் 29.9 விழுக்காடு. தமிழ் 2.5. சீனர்கள் முக்கால் பங்காக வாழும் ஊரிலேயே சீனம் வீட்டைவிட்டு மெல்ல விலகுகிறது. வீட்டில் பேசாத மொழியில் நாவல் யார் வாங்குவார்கள்? 1925-ல் தொடங்கிய ஷாங்காய் புத்தக நிறுவனம் சிங்கப்பூரின் மூத்த சீனப் புத்தகக் கடைகளில் ஒன்று. அது 2008-ல் கதவை மூடியது. ஹாலந்து வில்லேஜில் ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்திவந்த 'தம்பி மேகசின் ஸ்டோர்', எத்தனையோ மொழி இதழ்களைத் தொங்கவிட்டிருந்த கடை, 2024 மே மாதத்தில் மூடப்பட்டது.

பாப்புலர் மட்டும் தப்பியது எப்படி? அதன் வேர் 1924-ல் சௌ சிங் சூ தொடங்கிய நிறுவனத்தில் இருக்கிறது. 'பாப்புலர்' என்ற பெயரில் முதல் கடை 1936-ல் நார்த் பிரிட்ஜ் சாலையில் வந்தது. தேர்வு இருக்கும்வரை பயிற்சி நூல் விற்கும்; பயிற்சி நூலுக்கு வரும் பிள்ளைக்குப் பென்சிலும் வேண்டும்; கூட வரும் தாத்தா மாடியில் ஏறிச் சமையல் நூலோ உடல்நல நூலோ எடுப்பார். கீழ்த்தளத்து வருமானம் மேல்தளத்து நாவலுக்கும் கவிதைக்கும் வாடகை கட்டுகிறது. தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் கைடு விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு சின்ன அலமாரியில் நாலு தமிழ் நாவலும் வையுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. பிள்ளைகள் எப்படியும் வரும் இடம் அது. ஆண்டுக்கொருமுறை மாவட்டப் புத்தகத் திருவிழாவில் பார்க்கும் புத்தகம் வேறு, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கப் போகையில் கண்ணில் படும் புத்தகம் வேறு. பாப்புலரில் தமிழ்ப் பாடப் பயிற்சி நூல்களும் விற்கிறார்கள். அடுக்கு சிறியது. பேரப்பிள்ளை அங்கே படிப்பதாக இருந்தால் அழைத்துப் போய் அதையும் காட்டுங்கள்.

இனி மாடிக்குப் போவோம். கையில் கிடைக்கும் ஒரு நாவலை எடுங்கள். எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் முதல் குறி. நம் புத்தகம்போல இடமிருந்து திறந்து, வரிகள் குறுக்காக ஓடினால் அது பெரும்பாலும் சீனாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அச்சானது. வலப்பக்கம் திறந்து, எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கி, ஒரு நிரல் முடிந்ததும் அதன் இடப்பக்கத்தில் அடுத்த நிரல் தொடங்கினால் அது அநேகமாகத் தைவான் அல்லது ஹாங்காங். முன்பு சீனாவிலும் எல்லாமே மேலிருந்து கீழ்தான். 1955 ஜனவரி முதல் தேதி 'குவாங்மிங்' நாளிதழ் குறுக்கு வரிக்கு மாறியது. பிறகு மற்றவையும் மாறின.

இரண்டாவது குறி எழுத்தின் அடர்த்தி. சீன அரசு 1956 முதல் பல எழுத்துகளின் கோடுகளைக் குறைத்துச் சுருக்க வடிவம் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 1969-ல் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வெளியிட்டு, 1976-ல் சீனாவின் பட்டியலோடு ஒத்துப்போனது. தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டன. எவ்வளவு வித்தியாசம் என்றால், 'புத்தகம்' என்பதற்கான எழுத்து பழைய வடிவில் 10 கோடு, சுருக்கத்தில் 4. 'குதிரை' 10 கோட்டிலிருந்து 3 ஆனது. 'டிராகன்' 16-லிருந்து 5. பக்கம் முழுக்கக் கறுத்து நெருக்கமாகத் தெரிந்தால் பழைய வடிவம், வெளிச்சமாகத் தெரிந்தால் சுருக்கம். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது சுருக்க வடிவம் என்பதால், அங்கே படிக்கும் யாருக்காவது பரிசு வாங்கினால் இதைக் கவனிப்பது முக்கியம்.

கண்ணில் சந்தேகம் இருந்தால் பின்னட்டையைத் திருப்புங்கள். பார்கோடுக்கு மேல் 978 என்று தொடங்கும் எண் இருக்கும். அதற்கடுத்து வருவது நாட்டுக் குறி. 7 என்றால் சீனா. 957, 986, 626 என்றால் தைவான். 962, 988 ஹாங்காங். 981 சிங்கப்பூர். நம் வீட்டிலுள்ள தமிழ்ப் புத்தகங்களில் 81 அல்லது 93 இருக்கும். கிளம்புமுன் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கடையில் குழப்பம் வராது. எனக்கு இந்த எண் மிகவும் பிடித்த விஷயம். மொழி தெரியாத கடையில் எந்தப் புத்தகம் எங்கிருந்து கப்பலேறி வந்தது என்று அலமாரி அலமாரியாகச் சொல்லிக்கொண்டே போகலாம். சீனப் பதிப்புகளில் சீன விலையும் பின்னட்டையிலேயே அச்சாகியிருக்கும். அது யுவான் கணக்கு. நீங்கள் கொடுக்க வேண்டியது கடை ஒட்டியிருக்கும் சிங்கப்பூர் டாலர் விலை.

ஒரு எச்சரிக்கை. சீன நாவல்கள் பல பாகங்களாக வரும். இரண்டு பாகம் என்றால் எண் போடாமல் 'மேல்', 'கீழ்' என்ற எழுத்துகளைப் போடுவது வழக்கம். மூன்று என்றால் இடையில் 'நடு'. அடியில் ஒரு படுக்கைக் கோடு, அதன்மேல் ஒரு நிமிர்ந்த கோடு, அதிலிருந்து வலப்பக்கம் நீட்டிய சிறு கோடு இருந்தால் அது 'மேல்'. படுக்கைக் கோடு உச்சியில் இருந்து மற்றது தொங்கினால் 'கீழ்'. செவ்வகப் பெட்டியை நடுவில் ஒரு கோடு குத்தினாற்போல் இருப்பது 'நடு'. இதைப் பார்க்காமல் வாங்கினால் கதையின் பின்பாதிதான் கைக்கு வரும். குறிப்பாக ஜின் யோங் அலமாரி அருகே கவனம். 1955-ல் ஹாங்காங் நாளிதழில் வாள்வீரர் கதைகளைத் தொடராக எழுதத் தொடங்கியவர் அவர். நம் கல்கி 'பொன்னியின் செல்வ'னை முடித்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1954-ல். இரண்டு மொழிகளிலும் வாசகர்கள் தொடருக்காகக் காத்துக்கிடந்த காலம் அது. ஜின் யோங்கின் நூல்கள் இன்றும் பெரிய பெரிய தொகுதிகளாக விற்கின்றன.

நூலாசிரியர் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் தனியாக நிற்கும் இரண்டு அல்லது மூன்று எழுத்துத் தொடர் பெரும்பாலும் அதுதான். குடும்பப் பெயர் முதலில் வரும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் சீனப் பதிப்புகளில் ஆசிரியர் பெயருக்கு முன் ஒரு அடைப்புக்குறிக்குள் அவர் நாட்டின் பெயர் இருக்கும். இந்தியாவுக்கு உரியதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தேடிப் பாருங்கள். தாகூர் கிடைத்துவிடுவார். 1924-ல் அவர் சீனாவுக்கு நேரில் போனார். அதற்கு முன்பே, 1922-ல், செங் சென்துவோ அவருடைய சிறு கவிதைகளை மொழிபெயர்த்துவிட்டார். பிறகு பிங் ஷின் 'கீதாஞ்சலி'யைச் செய்தார். இன்றும் பள்ளி மாணவர் கையில் இருக்கும் கவிஞர் தாகூர். திருக்குறளுக்கும் சீன மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ்நாடு அரசின் முயற்சியில் தைவான் கவிஞர் யூ ஷி குறளையும் பாரதியையும் மொழிபெயர்த்தார். ஆனால் மொழிபெயர்ப்பது ஒன்று, கடை அலமாரிக்கு வந்து சேர்வது வேறொன்று. தாகூருக்கு நூறாண்டாக நல்ல மொழிபெயர்ப்பாளர்கள், மறுபதிப்புகள், பாடத்திட்டம் என்று தொடர் ஆதரவு கிடைத்தது. வள்ளுவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. விழா மேடையில் வெளியிட்டதோடு நிறுத்திவிட்டால் அது நடக்காது.

சிறுவர் பகுதியில் நிறைய நேரம் செலவழியுங்கள். படம் இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. சீன எழுத்தை ஒரு பிள்ளை எப்படிப் பழகுகிறது என்பது அங்கேதான் புரியும். நமக்கு 247 எழுத்துகளைக் கற்றுவிட்டால் எந்தத் தமிழ்ச் சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடலாம். சீனத்தில் அப்படி முடியாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே அறிய வேண்டும். சீன அரசு 2013-ல் வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் முதல் படியில் உள்ள 3,500 அன்றாடத்துக்கு வேண்டியவை. அதுவரை பிள்ளைக்குக் கைத்தடி வேண்டுமே? அதற்குத்தான் 1958-ல் வந்த பின்யின். எழுத்துக்கு மேலே ரோமன் எழுத்தில் உச்சரிப்பும், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் சிறு கோடும் அச்சிடுவார்கள். தைவான் சிறுவர் நூல்களில் அதற்குப் பதிலாக எழுத்தின் வலப்பக்கத்தில் பொடிப்பொடியாக வேறு குறிகள் இருக்கும். அவை மொத்தம் 37. இங்கேயும் நாட்டைக் கண்டுபிடித்துவிடலாம் பாருங்கள்.

அதே பகுதியில், அட்டையில் தடியோடு ஒரு குரங்கு, பன்றிமுகத்தான் ஒருவன், வெள்ளைக் குதிரைமேல் ஒரு துறவி இருக்கும் புத்தகம் கண்ணில் படாமல் போகாது. பதினாறாம் நூற்றாண்டு நாவலான 'மேற்கு நோக்கிய பயணம்' அது. அந்தத் துறவி போகும் மேற்கு வேறெதுவும் இல்லை, நம் நாடுதான். கதைக்கு வேராக இருந்தவர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து காஞ்சிபுரம் வரை இறங்கியவர். சீனப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வளரும்போது கேட்கும் கதையின் முடிவில் இருப்பது இந்தியா என்பதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல அந்த அட்டை ஒன்றே போதும்.

போடி, கம்பம் பக்கத்துக்காரர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது மூலிகை, உணவு, தேநீர் நூல்கள். சீன மருத்துவத்தின் பெரிய நூல் லி ஷிசென் எழுதியது. 1596-ல் அச்சானது, 1,892 மருந்துப் பொருள்களைச் சொல்வது. அதை அடியொற்றி வண்ணப் படங்களோடு வரும் மூலிகை நூல்கள் எப்போதும் இருக்கும். ஒன்றைத் திறந்து செடிகளின் பெயர்களைப் பாருங்கள். பல பெயர்களின் உச்சியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும்: ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டும் இரண்டு சின்னக் கோடுகள். புல், பூண்டு, செடி சம்பந்தப்பட்ட எழுத்துகளுக்கு அது தலைக்குறி. தேயிலைக்கும் அதே தலை. மருந்து என்ற எழுத்துக்கும் அதே தலை. சீன அகராதிகளில் எழுத்தைத் தேடுவதே இப்படிப்பட்ட குறிகளை வைத்துத்தான். பழைய பேரகராதி முறையில் அவை 214. போடியில் ஏலம் போகும் நம் ஏலக்காய்க்குச் சீனத்தில் 'ஷியாவ் தோ கோவ்' என்று பெயர். அவர்களுடைய 'தோ கோவ்' இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி, நம்முடையது அதில் சின்னது என்று பொருள். பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள், செடித் தலை அதிலும் இருக்கும். மேகமலை, போடிமெட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் தேநீர் நூல்களை எளிதில் கீழே வைக்க மாட்டார்கள். மொட்டும் இரண்டு இலையும் கிள்ளும் கை எந்த நாட்டுப் படத்திலும் அதே கைதான்.

வாங்குவதென்றால் மூன்று பொருள்களைச் சொல்வேன். ஒன்று, 'ஷின்ஹுவா' கையகராதி. 1953-ல் முதல் பதிப்பு வந்தது. 2015 வரை 56 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகிக் கின்னஸ் பதிவு பெற்ற புத்தகம். உள்ளங்கையில் அடங்கும். ஒரு நாடு எப்படி எழுத்தறிவு பெற்றது என்பதற்குச் சாட்சியான பொருள் அது. இரண்டு, எழுத்துப் பழகும் நோட்டு. நமக்கு இரட்டைக் கோடு, நாலு கோடு நோட்டு, அவர்களுக்குக் கட்டம். சிலவற்றில் கட்டத்துக்குள் கூட்டல் குறி, சிலவற்றில் மூலைக்கு மூலையும் கோடு இருக்கும். எழுத்து கட்டத்தின் நடுவில் சமனாக உட்கார வேண்டும் என்பதற்காக. மங்கலாக அச்சிட்ட எழுத்தின்மேல் தூரிகையாலோ பேனாவாலோ எழுதிப் பழகும் நோட்டுகளும் உண்டு. ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு சாக்லேட்டைவிட இது மேல். மூன்று, உங்களுக்குப் பிடித்த படப் புத்தகம், எதுவானாலும்.

கடையில் நடந்துகொள்வது பற்றிச் சில வார்த்தை. நின்று புரட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகத்தை நீங்களாகப் பிரிக்கக் கூடாது. பார்வைப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை அட்டைமேல் காட்டினால் தலைப்பு ஓரளவு புரியும். உள்பக்கங்களைப் படமெடுப்பது முறையல்ல. கடையில் இருப்பவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். சின்னக் கடைகளில் வயதானவர்கள் இருந்தால் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் எல்லா இனத்தவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். விலை கேட்க 'தோ ஷாவ் ச்சியேன்', நன்றி சொல்ல 'ஷியே ஷியே'. இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் மலரும், பேச்சு வளரும்.

தமிழும் சீனமும் இப்படிப் பக்கத்தில் நிற்பது புதிதல்ல. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீனத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு இலங்கைக்கு வந்த கல், 1409 தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பேசுகிறது. 1911-ல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் காலத்திலும் தொடர்பு அறுந்துவிடவில்லை. 1963 ஆகஸ்ட் முதல் பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலி தமிழில் ஒலிபரப்பியது. தங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் நம் மொழியில் பேச, தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரர்கள் நேயர் மன்றம் அமைத்துக் கடிதம் எழுதினார்கள். சிற்றலை வானொலியைத் திருகித் திருகி அந்தக் குரலைப் பிடித்தவர்கள் இன்று தாத்தா வயதில் இருப்பார்கள். சிங்கப்பூர் போனால் இந்தக் கடைக்கு முதலில் போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் பயன் இரட்டிப்பு. சி. மணி தமிழாக்கிய 'தாவோ தே ஜிங்' இருக்கிறது. பெய்ஜிங்கில் பணியாற்றிய வெளியுறவு அதிகாரி பயணி, சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' 2012-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. ஜியாங் ரோங்கின் மேய்ச்சல்நில நாவலை சி. மோகன் 'ஓநாய் குலச்சின்னம்' என்று தமிழில் தந்திருக்கிறார். ஆடு மாடு மேய்ப்பதும் காடும் தெரிந்த நம் மலையடிவாரத்து வாசகர்களுக்கு அந்த நாவல் நெருக்கமாக இருக்கும். மூன்றில் எது பிடித்ததோ அதன் சீனத் தலைப்பைப் பிள்ளைகளிடம் சொல்லி இணையத்தில் தேடி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராஸ் பாசாவில் அந்தத் தாளைக் காட்டினால் கடைக்காரர் மூலநூல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சொல்வார். இல்லையென்று சொல்லிவிட்டால் பக்கத்துக் கட்டடமான தேசிய நூலகத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, சீன நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே உண்டு.